ஆற்று வடிநிலம் என்றால் என்ன? அதைக் காக்கும் அமைப்புகள் என்னதான் செய்கின்றன?

சிலாங்கூர் ஆறு எங்கே இருக்கிறது என்று நம் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் யாரைக் கேட்டாலும் பாலத்துப் பக்கம்தான் கை காட்டுவார்கள். தண்ணீர் ஓடுவது அங்கேதான், சரி. ஆனால் ஆற்றைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பதில் போதாது. நம் வீட்டுச் சமையலறை சிங்க், அந்தத் தண்ணீர் போய் விழும் லோங்காங் என்கிற சாக்கடை, செம்பனை நிரைகளுக்கு நடுவே தோட்டத்தில் வெட்டி விட்டிருக்கும் வாய்க்கால், ஆலைக்குப் பின்பக்கம் வரிசையாக இருக்கும் கழிவுக் குளங்கள், ரவாங் பக்கத்துத் தொழிற்பேட்டை, பிரேசர் மலையின் மேற்குச் சரிவு, இவை அத்தனையும் அந்த ஆற்றைச் சேர்ந்தவை. இந்த மொத்த நிலத்தைத்தான் ஆற்று வடிநிலம் என்கிறோம். மலாய் அரசாங்கத் தாள்களில் லெம்பாங்கான் சுங்கை என்று வருவதும் இதுதான்.

வடிநிலப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒரு குழு பள்ளிக்கோ தாமான் என்கிற குடியிருப்புக்கோ வந்தால், இவர்கள் குப்பை பொறுக்க வந்தவர்களா, மரம் நட வந்தவர்களா, ஆலையோடு சண்டை போட வந்தவர்களா என்று நம்மவர்களுக்குக் குழப்பம் வருகிறது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் அவர்களுடைய வேலையின் பெரும்பகுதி கரையை விட்டுத் தள்ளி, நிலத்தில்தான் நடக்கிறது. அதை, இதைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

கோயில் திருவிழாவுக்குப் போடுகிற கென்வஸ் கூடாரத்தின் மேல் மழை பெய்யும்போது பார்த்திருப்பீர்கள். எந்த இடத்தில் விழுந்த துளியும் சரிந்து வந்து, தாழ்ந்திருக்கும் ஒரே மூலையில்தான் கொட்டும். வடிநிலமும் அதே கணக்குதான். எந்தெந்த நிலத்தில் பெய்கிற மழை கடைசியில் ஒரே ஆற்றின் வாய்க்கு வந்து சேருகிறதோ, அந்த நிலம் முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம். அதன் எல்லையைத் தீர்மானிப்பவை மேடுகள். பிரேசர் மலை முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழை சிலாங்கூர் ஆற்றில் இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது பகாங் ஆறுகளில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. மாவட்ட எல்லை, தோட்ட எல்லை, ஊராட்சி மன்ற எல்லை எதையும் தண்ணீர் பார்ப்பதில்லை. பின்னால் வரப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

மலேசியாவில் 189 ஆற்று வடிநிலங்கள் இருப்பதாகக் கணக்கு. நம்முடைய ஆறு சுமார் 110 கிலோமீட்டர் நீளம், அதற்குத் தண்ணீர் தரும் நிலம் ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். கோல குபு பாரு, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் என்று பல ஊர்களின் சிற்றாறுகளை வாங்கிக்கொண்டு நம் ஊரைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரே வடிநிலத்திலிருந்து எடுப்பதுதான்.

இந்த நிலம் எத்தனை தடவை முகம் மாறியிருக்கிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் நடப்பட்டதே நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். காடு கித்தா என்கிற ரப்பரானது, கித்தா செம்பனையானது, நடுவில் வெள்ளீயம் தோண்டிய கப்பல் மாதிரியான மிதவை இயந்திரங்கள் நிலத்தைக் குடைந்து குட்டைகளாக விட்டுப் போயின, இப்போது பல தோட்டங்கள் தாமான்களாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மழைத்தண்ணீர் நிலத்தில் இறங்கும் விதம் மாறுகிறது. காட்டில் இலை தடுக்கும், சருகு பிடித்து வைக்கும், வேர் வழியாக மண்ணுக்குள் இறங்கும், அப்புறம் நாள்கணக்கில் மெதுவாக ஊறி ஆற்றுக்கு வரும். மரம் சாய்த்துவிட்டு மறுநடவுக்கு வெறும் மண்ணாகக் கிடக்கும் நிலத்தில் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். சிமென்ட் போட்ட தாமானில் நேராக லோங்காங்கில் விழுந்து, கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். அதே மழைக்கு முன்பு வராத வெள்ளம் இப்போது வருவதும், மழை நின்றதும் ஆறு சீக்கிரம் வற்றுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

மேலே செய்வது கீழே வரும் என்பதற்கு நம் ஆற்றிலேயே பழைய சாட்சி உண்டு. பழைய கோல குபு ஊரில் 1883-ல் ஓர் அணை உடைந்து பெரிய சேதம். ஆனால் அந்த ஊரை முடித்து வைத்தது அந்த ஒரு நாள் வெள்ளம் இல்லை. மேலே ஈயம் எடுத்தவர்கள் கழுவி விட்ட மணல் வருடக்கணக்கில் ஆற்றின் அடியில் படிந்து படிந்து, ஆற்றுத் தரையே உயர்ந்து, சாதாரண மழைக்கும் தண்ணீர் ஊருக்குள் ஏற ஆரம்பித்தது. கடைசியில் 1930 வாக்கில் ஊரை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். அதுதான் இன்றைய கோல குபு பாரு. மணலைக் கொட்டியவர்கள் ஒரு பக்கம், வீட்டை இழந்தவர்கள் இன்னொரு பக்கம்.

அண்மைச் சாட்சி வேண்டுமென்றால் 2020 செப்டம்பர் தொடக்கம். ரவாங்கில் சுங்கை கோங் என்ற ஒரு சின்ன ஆற்றில் ஒரு தொழிற்கூடத்திலிருந்து நாற்றமடிக்கும் கழிவு இறங்கியது. சுங்கை கோங் சுங்கை செம்பாவில் சேரும், செம்பா சிலாங்கூர் ஆற்றில் சேரும். அவ்வளவுதான், சிலாங்கூர் ஆற்றின் முதல், இரண்டாம், மூன்றாம் கட்ட சுத்திகரிப்பு நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் ஒரே சமயத்தில் நிறுத்தப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கும் 1,292 பகுதிகளில் குழாய் வற்றியது. நம் கோல சிலாங்கூர் மாவட்டமும் அதில் அடக்கம். கோவிட் காலத்தில் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் வாளியோடு லாரிக்குக் காத்திருந்த குடும்பங்களில் எத்தனை பேர் அதற்கு முன் சுங்கை கோங் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இவ்வளவு பெரிய நிலையங்கள் ஒரு நாற்றத்துக்கு ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். சாதாரண சுத்திகரிப்பு நிலையம் செய்வது மூன்று வேலை: படிகாரம் கலந்து சேற்றைப் படிய விடும், மணலில் வடிகட்டும், குளோரின் போட்டுக் கிருமியைக் கொல்லும். சேறும் கிருமியும் போய்விடும். தண்ணீரில் கரைந்துவிட்ட எண்ணெய், கரைப்பான், அம்மோனியா போன்றவை இந்த மூன்றிலும் பிடிபடாமல் நழுவிவிடும். அதனால்தான் ஆற்றுநீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே நிலையத்தை மூட வேண்டிய நிலை வருகிறது. ஆக, நம் குடிநீருக்கு உண்மையான சுத்திகரிப்பு நிலையம் அந்த வடிநிலமேதான். கட்டடத்துக்குள் நடப்பது கடைசிக் கட்டம் மட்டும்.

சரி, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள அரசாங்கம் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக இருக்கிறது. அரசமைப்புச் சட்டப்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில். கழிவு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் கூட்டரசுடையது, அதை நடத்துவது ஜேஏஎஸ் என்ற சுற்றுச்சூழல் துறை. ஆற்றங்கரை, வெள்ளம், பெரிய வடிகால் என்றால் ஜேபிஎஸ் என்ற வடிகால், நீர்ப்பாசனத் துறை. கடை உரிமம், சந்தை, தாமான் லோங்காங் எல்லாம் ஊராட்சி மன்றம். காடு வனத்துறை, நிலப்பட்டா நில அலுவலகம், வீட்டுக் கழிவுநீர் இண்டா வாட்டர், குழாய்த் தண்ணீர் ஆயர் சிலாங்கூர். இவர்களை ஒருங்கிணைக்கவென்று சிலாங்கூர் மாநிலம் 1999-ல் சட்டம் போட்டு லுவாஸ் என்ற நீர் நிர்வாக வாரியத்தை அமைத்தது, அது நல்ல ஏற்பாடு, எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ஆனாலும் ஒரு வாய்க்கால் கறுப்பாக ஓடுகிறது என்று புகார் செய்யப் போனால், அது தோட்டத்து வாய்க்காலா, மன்றத்து லோங்காங்கா, ஜேபிஎஸ் ஆறா என்பதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

தொண்டு அமைப்பு வந்து நிற்பது இந்த இடைவெளியில். அதற்கு அதிகாரம் கிடையாது, யாருக்கும் அபராதம் போட முடியாது, ஆலைக்குள் கேட்காமல் நுழையவும் முடியாது. அதன் பலம் வேறு. ஒரு துறை தன் எல்லையோடு நின்றுவிடும். அமைப்பு தண்ணீர் போகிற வழியெல்லாம் போகலாம். அதிகாரிகள் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போவார்கள். அமைப்பு அங்கேயே இருந்து, பத்து வருடத்துக்கு முன் இந்த வளைவில் தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல முடியும். நான் பார்த்தவரை இந்த இரண்டாவதுதான் விலைமதிக்க முடியாதது. ஆறு வழக்கமாக எப்படி இருக்கும் என்று எழுதி வைத்தவர் யாருமே இல்லையென்றால், அது கெட்டுப்போனதை நிரூபிக்கவும் முடியாது.

அதனால் ஒரு நல்ல அமைப்பின் முதல் வேலை அளப்பது. இதைப் பார்க்க வேண்டுமென்றால், பள்ளிப் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போகும் நாளில் போய்ப் பாருங்கள். ஒருவர் ஓடைக்குள் நின்று காலால் கூழாங்கற்களைக் கிளறுவார், கீழ்ப்பக்கம் இன்னொருவர் வலையைப் பிடித்திருப்பார். வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தால் போதும். முதலில் வெறும் சருகும் மண்ணுமாகத்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் சருகு என்று நினைத்த ஒன்று நகரும். அரிசி அளவு உடம்பு, ஆறு கால், வயிற்றின் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி துடித்துக்கொண்டே இருக்கும் செவுள்கள், பின்னால் மூன்று மெல்லிய வால். இன்னொன்று மணல் துகள்களைத் தன் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி, தலையை மட்டும் நீட்டி அதை இழுத்துக்கொண்டு ஊரும். இவை இருந்தால் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். இவை இல்லாமல் சிவப்பாக நெளிகிற புழுக்கள் மட்டும் இருந்தால் நிலைமை மோசம். அந்தப் புழுவின் உடம்பில் நம் இரத்தத்தில் இருப்பது மாதிரியான ஹீமோகுளோபின் இருப்பதால்தான் சிவப்பாக இருக்கிறது. ஆக்சிஜன் வற்றிய சேற்றிலும் அதனால் பிழைத்துக்கொள்ள முடிகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோல குபு பாருவுக்கு மேலே கல் ஓடையில் கிடைக்கிற பூச்சி நம் ஊரின் சேற்று வாய்க்காலில் கிடைக்காது, தண்ணீர் சுத்தமாகவே இருந்தாலும் கிடைக்காது, தரை வேறு, வேகம் வேறு. அதனால் ஓர் ஓடையை இன்னோர் ஓடையோடு ஒப்பிடாமல், அதே ஓடையின் போன வருடத்துக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். ஒரே நாள் வந்து தட்டைக் காட்டிவிட்டுப் போகிற நிகழ்ச்சியால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும், அது நல்லதுதான். ஆற்றைப் பற்றி எதுவும் தெரியவராது.

பூச்சிக்கு அடுத்தது எண்கள். மலேசியாவில் ஆற்றுநீரின் தரத்துக்கு ஒரு குறியீட்டெண் போடுகிறார்கள். கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (கீழே சொல்கிறேன்), கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜனான சி.ஓ.டி., அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் மண் துகள், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். என்று ஆறு அளவுகளைச் சேர்த்து நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 81-க்கு மேல் சுத்தம், 60 முதல் 80 வரை லேசாகக் கெட்டது, அதற்குக் கீழே கெட்டது. இந்த எண்ணை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது, ஏனென்றால் களைக்கொல்லியும் கன உலோகமும் மலக்கிருமியும் அந்த ஆறு அளவுகளில் இல்லை. குறியீடு 82 என்று வந்த தண்ணீரிலும் பிள்ளைகள் குளித்தால் வயிற்றுப்போக்கு வரலாம்.

அந்த ஆறு அளவுகளில் பி.ஓ.டி.யை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம், தோட்டப்புற ஆறுகளின் கதையே அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் கழிவைக் கிருமிகள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கும் என்பதுதான் பி.ஓ.டி. நம் சீதோஷ்ணத்தில், ஏறத்தாழ 28 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகம் போனால் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். செம்பனை ஆலையிலிருந்து வருகிற கழிவுநீர், எதுவும் செய்யாமல் அப்படியே விட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் கேட்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கழிவு ஒரு லிட்டர், 3,000 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்சிஜனை முழுவதுமாகத் தீர்த்துவிடும். மீனுக்கு விஷம் வைக்க வேண்டியதே இல்லை, மூச்சு முட்டியே செத்துவிடும்.

இதற்காகத்தான் 1977-ல் பாம் எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. ஆற்றில் விடும் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது அளவு, சில இடங்களில் உரிமத்தில் 20 வரை இறுக்கியிருக்கிறார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் இருப்பது அதற்குத்தான். ஒவ்வொரு குளத்திலும் கழிவு நாள்கணக்கில் நின்று, ஒரு வகைக் கிருமி தின்றதை அடுத்த குளத்தில் இன்னொரு வகை தின்று, கடைசிக் குளத்தில் ஓரளவு தெளிந்து வெளியே வரும். முறை நல்ல முறை, ஒழுங்காக நடத்தினால் வேலை செய்கிறது. எங்கே தவறும் என்றால், குளத்தின் அடியில் சேறு ஏறி ஏறி அதன் ஆழம் குறைந்துவிடும்போது, அல்லது பழம் குவிகிற மாதங்களில் கழிவும் குவிந்து, நிற்க வேண்டிய நாள்கள் நிற்காமலே அடுத்த குளத்துக்குப் போகும்போது, அல்லது பெருமழையில் குளம் வழியும்போது. அனுபவமுள்ள அமைப்புக்காரர் ஆலை மேலாளரைச் சந்தித்தால் ‘நீங்கள் ஆற்றைக் கெடுக்கிறீர்களா’ என்று கேட்க மாட்டார். ‘கடைசியாக எப்போது சேறு வாரினீர்கள்’ என்று கேட்பார்.

ஆலையை மட்டும் கை காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. பழைய லயத்து வீடுகளின் நிறைந்து வழியும் மலக்குழி, சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்த் தண்ணீர், பாசாரில் மீன் கழுவிய தண்ணீர், தீபாவளிக்கு முறுக்கு சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பின்வாசலில் ஊற்றுவது, எல்லாமே அதே பி.ஓ.டி. கணக்கில்தான் சேரும். பயன்படுத்திய எண்ணெயைப் புட்டிகளில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பல அமைப்புகள் செய்கின்றன, சோப்பாகவோ எரிபொருளாகவோ போகிறது. திருவிழாவில் கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குத்தான் போகிறோம், அந்தக் கரையிலேயே மாலையும் துணியும் பிளாஸ்டிக் பையும் கிடப்பது நமக்கு அழகில்லை. இதில் வெளியாள் வந்து புத்தி சொன்னால் கோபம்தான் வரும். கோயில் கமிட்டி ஆட்களையே அமைப்பில் சேர்த்து, மாலைகளை உரமாக்கக் கரையோரம் ஒரு கூண்டு வைத்தால் வேலை நடக்கும்.

அடுத்தது கரை. ஆற்றை ஒட்டி ஒரு பட்டை நிலத்தை மரம் செடியோடு சும்மா விட வேண்டும், அதற்கு ரிசாப் சுங்கை என்று பெயர். ஜேபிஎஸ் வழிகாட்டுதல்படி ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் இரு கரையிலும் 50 மீட்டர், 5 மீட்டருக்கும் குறைந்த ஓடை என்றால் 5 மீட்டர், நடுவில் உள்ளவற்றுக்கு அதற்கேற்ப. தோட்டத்தில் போட்ட உரமும் அடித்த மருந்தும் மழையில் கரைந்து வரும்போது இந்தப் பட்டையின் புல்லும் வேரும்தான் பிடித்து நிறுத்தும், மண் சரிவையும் தடுக்கும். பழைய தோட்டங்களில் தண்ணீர் ஓரம் வரைக்கும் நட்டுவிட்டார்கள். இப்போது காய்த்துக்கொண்டிருக்கிற மரத்தை எந்த நிர்வாகமும் வெட்டாது. ஆனால் செம்பனையை ஏறத்தாழ 25 வருடத்துக்கு ஒரு முறை சாய்த்து மறுநடவு செய்தாக வேண்டும். அந்த ஒரு வருடம்தான் வாசல். அப்போது போய்ப் பேசினால் கரையோர நிரைகளை விட்டுவிட நிர்வாகம் சம்மதிக்கும், ஏற்றுமதிக்கான சான்றிதழுக்கும் அது தேவைப்படுகிறது. அந்த வருடம் தவறினால் இன்னும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதுதான். எந்தத் தோட்டம் எந்த வருடம் மறுநடவுக்கு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளாத அமைப்பு இந்த வட்டாரத்தில் அமைப்பே இல்லை என்பேன்.

கீழே கம்போங் குவாந்தானுக்கு ஆற்றில் படகெடுத்து மின்மினி பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. இரவில் அவை கூட்டமாக உட்கார்ந்து சேர்ந்தாற்போல மினுங்குவது கரையோரத்து பெரெம்பாங் மரத்தில். அந்த மரங்களை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால் மின்மினிகள் முட்டையிடுவது கொஞ்சம் உள்ளே தள்ளி, நிப்பா, ரும்பியா என்ற பனை வகைகள் வளர்கிற ஈர மண்ணில். குஞ்சுப் புழுக்கள் அந்தச் சேற்றில் ஊர்கிற நத்தைகளைத் தின்று வளர்கின்றன. அந்த ஈர நிலத்தைச் சமன் செய்து நட்டுவிட்டால், மரம் நின்றாலும் வெளிச்சம் குறையும். மேலேயிருந்து வரும் நன்னீர் குறைந்து உப்புத்தண்ணீர் ஏறினாலும் பெரெம்பாங் தாங்காது. ஆக, கோல சிலாங்கூரின் ஒரு பூச்சிக்கு கோல குபு பாரு பக்கத்தில் இன்று ஆற்றுநீரைத் தேக்கி வைத்திருக்கும் அணையும் கணக்கில் வருகிறது. 1940-லிருந்து இயங்கும் மலேசிய இயற்கைச் சங்கம் கோல சிலாங்கூர் பக்கத்தில் நெடுங்காலமாக வேலை செய்து வருகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடக்கும் வேலை ராஜா மூசா வனக்காப்பகத்தில். அது வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. ஆயிரக்கணக்கான வருடம் மக்காமல் சேர்ந்த இலையும் கட்டையும்தான் அங்கே தரை, மழைக்காலத்தில் தண்ணீரை உறிஞ்சி வைத்து வெயில் காலத்தில் மெல்ல விடும். சட்டத்துக்குப் புறம்பாக உள்ளே நுழைந்தவர்கள் பயிர் வைக்கக் கால்வாய் வெட்டியதில் தண்ணீர் வடிந்து, காய்ந்த தரை தீப்பிடித்து, புகை நம் வீடுகள் வரை வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தீ தரைக்கு அடியில் எரியும், மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. 2008 முதல் வனத்துறையோடு சேர்ந்து குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற அமைப்பு அங்கே செய்யும் முதன்மையான வேலை கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: கால்வாய்களை அடைப்பது. கட்டையும் மண் மூட்டையும் வைத்து அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறும், தரை நனையும், தீ பிடிக்காது, காடு தானே முளைக்க ஆரம்பிக்கும். மரம் நடும் நாளில்தான் படம் எடுக்க வருகிறார்கள், கால்வாய் அடைக்கும் நாளில் யாரும் வருவதில்லை, ஆனால் அடைக்காமல் நட்ட கன்று அடுத்த வறட்சியில் எரிந்துவிடும்.

அதே அமைப்பு 1998-ல் தொடங்கப்பட்டது. பெட்டாலிங் ஜெயா பக்கத்து சுங்கை வே ஆற்றில் 2007-லிருந்து ஒரு நிறுவனத்தின் அறக்கொடையோடு வருடக்கணக்கில் வேலை செய்து, மிக மோசமான தரத்தில் கிடந்த தண்ணீரை நடுத்தரத்துக்குக் கொண்டுவந்தது. நீளம் குறைந்த நகரத்து ஆறு அது, அதற்கே அத்தனை வருடம்.

அப்படியானால் கோத்தோங் ரோயோங் என்று ஊர் கூடிக் குப்பை பொறுக்குவது வீணா? இல்லை. ஆற்றங்கரைக்கே வராத மக்கள் வருகிறார்கள், அது முதல் படி. பொறுக்கியதை வகை பிரித்து எழுதி வைத்தால், எந்தக் கடைத்தெருவிலிருந்து எது வருகிறது என்ற தகவலும் கிடைக்கும். நுண்ணுயிர் கலந்த மண் உருண்டைகளை ஆற்றில் வீசுகிற நிகழ்ச்சி மேல்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே கழிவு வந்துகொண்டே இருக்கும்போது உருண்டையால் எதையும் மாற்ற முடியாது, அந்தச் செலவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கழிவுநீரின் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் பொறி வாங்கிக் கொடுக்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அமைப்புகள் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழோ, இலாபம் பங்கிடாத நிறுவனமாகவோ பதிவு செய்திருக்கும். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி வாங்கியிருந்தால் நீங்கள் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்கும், ரசீதில் அது போட்டிருக்கும். பெரும்பகுதி பணம் நிறுவனங்களிடமிருந்து வருகிறது, சில சமயம் அதே வடிநிலத்தில் ஆலை வைத்திருப்பவர்களிடமிருந்தே. அதை வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், சம்பளம் இல்லாமல் யாரும் பத்து வருடம் தண்ணீர் அளக்க முடியாது. ஆனால் பணம் கொடுத்தவரின் கழிவு இறங்கும் இடத்திலும் அமைப்பு மாதிரி எடுக்கிறதா, எடுத்த கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தாராளமாகச் சேரலாம்.

சேருவதற்குப் படிப்பு தேவையில்லை. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது நிறைய: எந்த வளைவில் விரால் கிடைத்தது, எந்த வருடத்திலிருந்து கிடைப்பது நின்றது, எந்த மாதத்தில் ஆலைப் பக்கம் நாற்றம் கூடும். அமைப்புகள் தேடுவது இந்த ஞாபகத்தைத்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மனது வைத்தால், ஒரே பாலம், மாதத்துக்கு ஒரு முறை, ஆறு அளவுகளில் இரண்டு மூன்றையாவது எளிய சோதனைப் பெட்டியை வைத்துப் பிள்ளைகளே அளந்து எழுதலாம்.

ஆற்றிலோ வாய்க்காலிலோ மீன் மிதந்தாலோ, நிறம் மாறினாலோ, பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ உடனே செய்ய வேண்டியது இது. தண்ணீரில் இறங்காதீர்கள், கையில் அள்ளி முகராதீர்கள். நாள், நேரம், முந்தின இரவு மழை பெய்ததா என்பதை எழுதுங்கள். கெட்ட தண்ணீர் வந்து சேரும் இடத்துக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம் எடுங்கள், மேலே சுத்தமாக இருப்பது தெரிந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியும். இருட்டுகிற வரை காத்திருக்காதீர்கள், ஓடுகிற தண்ணீரில் சாட்சியும் ஓடிவிடும். ஜேஏஎஸ், லுவாஸ், உங்களுக்குத் தெரிந்த அமைப்பு, மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். புகாருக்கு அவர்கள் தரும் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வரும்.